தேரோட்டிப் பேரினம்

அந்தக் கட்டுரை ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. அருங்காட்சியகத்தில் பறவைப் பிரிவின் காப்பாளராக இருந்தவள் அதைத் திறந்து முதல் பத்தியைப் படித்தாள். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து மறுபடியும் முதல் பத்தியையே படித்தாள்.

அவளுக்கு அங்கே அரைமில்லி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைப்பதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். அலகோ சிறகோ, எதை அளந்தாலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகினால் அளந்தவரை உட்காரவைத்துத் திரும்ப அளக்கச் சொல்வாள். ஐம்பத்தாறு வயது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்க்கப்பட்டிருந்த ஆறு வகைப் பாடும் குருவிகளைப் பிரித்தெடுத்து, "இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள், இத்தனை நாள் அடுத்த வீடுகளில் வளர்ந்தன" என்று நிறுவியவள் அவள்தான். அந்த ஆறுக்கும் புதிதாக ஒரு பேரினத்தை உருவாக்கினாள். அறிவியலில் ஒவ்வொரு உயிருக்கும் இரட்டைப் பெயர். பின்னால் வருவது பிள்ளையின் பெயர், முன்னால் வருவது வீட்டுப் பெயர். வீட்டுப் பெயரை வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. அவள் லத்தீனில் 'தேரோட்டி' என்று வைத்தாள். நான்கு ஆண்டுகள் மலையிலும் முள்காட்டிலும் அவளையும் அவளுடைய வலைகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டை வேன் ஓட்டிய அக்காவுக்காக வைத்த பெயர் அது.

இப்போது வந்திருந்த கட்டுரை, அப்படி ஒரு வீடே கிடையாது என்றது.

எழுதியவள் வேறொரு நாட்டில் ஏதோ ஒரு ஆய்வகத்தில் வேலை செய்யும் இளம்பெண். பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆறு குருவிகளின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். நான்கு குருவிகள் 'முள்ளுப்பாடி' என்ற பழைய பேரினத்துக்கு நெருங்கிய சொந்தம். மீதி இரண்டுக்கும் இந்த நான்கோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆகவே தேரோட்டி என்ற பெயர் செல்லாது. இதை அச்சிடலாமா என்று கருத்துக் கேட்டு, இதழாசிரியர் அந்தப் பேரினத்தை உருவாக்கியவளுக்கே அனுப்பியிருந்தார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அரைமில்லி பென்சிலைச் சீவிக்கொண்டு ஓட்டை தேட உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் போனது தெரியவில்லை. மூன்று மணிக்கு ஓட்டை கிடைத்தது.

அந்த நான்கில் ஒன்றான வெண்புருவன்தான் முக்கியம். தேரோட்டி என்ற பெயர் சட்டப்படி அதோடு கட்டப்பட்டிருந்தது. அது எந்த வீட்டுக்குப் போகிறதோ அங்கேதான் பெயரும் போகும். அங்கே ஏற்கெனவே மூத்த பெயர் ஒன்று இருந்தால் புதியது அடங்கிப்போக வேண்டியதுதான். அந்த வெண்புருவனின் ரத்தத்தை இளம்பெண் காட்டில் எடுக்கவில்லை. யாரோ கூண்டில் வளர்த்த பறவையிலிருந்து எடுத்திருந்தாள். உடல் பாதுகாக்கப்படவில்லை, ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது. அரைமில்லி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புருவக் கோடு கண்ணோடு நின்றுவிட்டது. வெண்புருவனுக்கு அது பிடரிவரை போகும். படத்தில் இருந்தது வெண்புருவனே இல்லை, சாதாரண முள்ளுப்பாடி. முள்ளுப்பாடியின் ரத்தம் முள்ளுப்பாடியோடு ஒத்துப்போனதில் என்ன அதிசயம்?

துறைத் தலைவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"புடிச்சிட்டீங்களே மேடம்! அப்புறம் என்ன? ரெண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பிடுங்க."

"அனுப்பலாம். ஆனா அவ எடுத்த ரத்தம் தப்புன்னா, நான் சரின்னு ஆயிடுமா?"

"தப்புன்னும் ஆகலையே. பத்து வாரத்துல புதுக் கூடம் திறக்கறோம். மூணாவது சுவர் முழுக்க உங்க குருவிங்கதான். சும்மா கெடக்கற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்?"

அவள் தன் அறைக்கு வந்து அந்த இரண்டு வரியை எழுதியும் பார்த்தாள். 'மாதிரி தவறானது. ஆகவே முடிவை ஏற்க இயலாது.' முதல் வரி உண்மை. இரண்டாவது வரியும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் மட்டும் பொய் மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள்.

மறுநாள் மாலை அக்காவைப் பார்க்கப் போனாள். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பெயர்ப்பலகையில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு வெண்புருவன் உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்காத மாணவருக்கும் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். அன்று வழுக்கைத் தலைக்காரர் ஒருவருக்கு வண்டியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும், "ஏறு, பின்னாடி உக்காரு. பேசிக்கிட்டே ஓட்டலாம்" என்றாள்.

அரைமில்லி பின்சீட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். "உன் பேரு போயிடும் போலிருக்குக்கா."

அக்கா தன் காலடியில் இருந்த பிரேக்கை அழுத்தினாள். வண்டி குலுங்கி நின்றது.

"நான் ஒண்ணும் பண்ணலையே மேடம்" என்றார் மாணவர்.

"உங்களைச் சொல்லல. நீங்க கண்ணாடியப் பாருங்க." அக்கா பின்னால் திரும்பினாள். "போயிடும்னா? யாரு கேட்டு எடுக்கறாங்க? ஆறும் ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு நீதானே சொன்னே?"

"வாலை வச்சு சொன்னேன். இந்த மாதிரிக் குருவிங்களுக்கு வாலுல பன்னண்டு இறகு இருக்கும். இந்த ஆறுக்கும் பத்துதான். வாய் ஓரத்துல மத்ததுக்கெல்லாம் மீசை மாதிரி முடி இருக்கும், இதுங்களுக்குக் கிடையாது. அதனால ஒரே வம்சம்னு முடிவு பண்ணினேன்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அது எப்படிடி? இதோ இவருக்கும் வழுக்கை. உங்க அத்தானுக்கும் வழுக்கை. அதுக்காக ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

மாணவர் கண்ணாடியில் தன் தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அரைமில்லிக்குச் சுருக்கென்றது. இளம்பெண் பதினான்கு பக்கத்தில் எழுதியிருந்ததை அக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டாள். இறகை இழப்பது யாருக்கும் நேரலாம். இழந்தவர்கள் எல்லாம் உறவாகிவிட மாட்டார்கள்.

"இருபத்து மூணு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், என் பேர்ல ஒரு குருவி வம்சமே இருக்குன்னு" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "சரி, அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

"தெரியலக்கா. அவ தப்பான குருவியப் பாத்திருக்கா. சரியான குருவியப் பாத்தாதான் தெரியும்."

"எங்கே இருக்கு அது?"

"நாம மொதல்ல புடிச்ச அதே மலைச்சரிவுலதான்."

"அப்ப போய்ப் பாத்துட வேண்டியதுதானே? பொய்யான பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உரசிப் பாத்தா நிக்கணும்ல." அக்கா மாணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எடுங்க சார். மெதுவா. திங்கக்கெழமை வகுப்பு இல்லை, ஊருக்குப் போறேன்."

வார இறுதிக்குள் அரைமில்லி இரண்டு காரியம் செய்தாள். 'இந்தப் பேரினம் என்னுடையது, நான் கருத்துச் சொல்வது முறையல்ல. ஆனால் வெண்புருவன் மாதிரி தவறானது, சரியானதை நானே எடுத்துத் தருகிறேன், முடிவு எப்படி வந்தாலும் தருகிறேன்' என்று இதழாசிரியருக்கு எழுதி, அந்தப் பெண்ணுக்கும் காட்டச் சொன்னாள். பிறகு சேமிப்பு அறையின் எஃகு அலமாரியைத் திறந்து, சிவப்பு அட்டை கட்டிய வெண்புருவனை எடுத்தாள். பெயர் சூட்டியபோது சான்றாக வைத்த மூலப் பறவை அது. அதன்மேல் கத்தி வைக்கக் கேட்ட எத்தனையோ பேரை இத்தனை ஆண்டுகளாக அவள் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள். இப்போது தானே விளக்கடியில் உட்கார்ந்து, கால் விரலின் அடிச் சதையில் ஒரு சிறு சீவலை வெட்டிக் குப்பியில் போட்டாள். 

மலைச்சரிவுக்கு ஒன்பது மணி நேரப் பயணம். அக்காவே ஓட்டினாள். முன்பு புதர்க்காடாக இருந்த இடத்தில் வேலி போட்டு, வரிசை வரிசையாகச் சூரியத் தகடுகளைப் பதித்திருந்தார்கள். வேலிக்கு மேற்கே ஒரு பள்ளத்தில் மட்டும் பழைய முட்புதர் மிச்சம் இருந்தது. விடியலில் அரைமில்லி வலை கட்டினாள். மெல்லிய நூல் வலை, பறவைக்குக் கண்ணில் படாது. முதல் நாள் ஒரு கரிச்சான் விழுந்தது. இரண்டாம் நாள் காற்று அடித்து, வலையில் சருகுதான் விழுந்தது. மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை.

அரைமில்லி ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். "இங்க இல்லக்கா. இருந்தா பாடியிருக்கும். விடியல்ல பாடாம இருக்காது. மூணு நாளா ஒரு சத்தம் கேக்கல."

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "சத்தம் கேக்கலையா? அந்தத் துருப்புடிச்ச கதவு மாதிரி கிறீச் கிறீச்சுனு காலையில உயிரை எடுக்குதே, அது என்னது?"

"எது?"

"இதோ, இப்பக்கூட."

அரைமில்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காற்று, தூரத்தில் ஒரு லாரி. வேறெதுவும் இல்லை. அக்காவின் விரல் பள்ளத்தின் மேல்விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த விரல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கொம்புக்குக் கொம்பு தாவும் ஒன்றைப் பின்தொடர்வது போல.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெண்புருவனின் பாட்டு மிக மெல்லிய, உச்சத்தில் நிற்கும் குரல். வயதானால் காது முதலில் இழப்பது அந்த உச்சத்தைத்தான். ஒரு காலத்தில் நூறு அடி தொலைவிலிருந்தே அடையாளம் சொன்ன பாட்டு அவளைவிட்டுப் போயிருந்தது. எந்த ஆண்டில் போனது என்றுகூடத் தெரியவில்லை.

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "கேக்கலையாடி?"

"கேக்கல."

பிறகு அரைமில்லி எழுந்து உடையில் ஒட்டியிருந்த முள்ளைத் தட்டினாள். "உனக்குக் கேக்குதுல்ல? அது போதும். விரலை இறக்காதே. எங்க போகுதோ காட்டிக்கிட்டே இரு."

"நான் என்ன டிராபிக் போலீசா?" என்றாள் அக்கா. ஆனால் விரலை இறக்கவில்லை.

அன்று பகல் முழுவதும் அக்கா காட்டிய வழியை அவள் வரைந்துகொண்டாள். பறவை திரும்பத் திரும்ப மூன்று புதர்களுக்குத்தான் வந்தது. நான்காம் நாள் விடியலில் வலையை அந்த மூன்றுக்கும் நடுவே கட்டினாள். அரை மணி நேரத்தில் விழுந்தது.

பதினொரு கிராம் எடை. உள்ளங்கையில் இதயம் துடிப்பது விரல்களுக்குத் தெரிந்தது. புருவக் கோடு பிடரிவரை போயிருந்தது. வால் இறகை எண்ணினாள், பத்து. சிறகின் உட்புற நரம்பில் ஊசி முனையால் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தாள். மூன்று கோணங்களில் படம் எடுத்தாள். அளவுகளை எழுதினாள். கையைத் திறந்தாள். பறவை புதருக்குள் பாய்ந்தது.

"திட்டுது பார் உன்னை" என்றாள் அக்கா.

"திட்டட்டும்."

ஐந்து வாரம் கழித்து அருங்காட்சியக ஆய்வகத்துக்காரர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று மலைச்சரிவில் எடுத்த ரத்தத்தின் முடிவு, மற்றது மூலப் பறவையின் விரல் சீவலுக்கானது. இரண்டும் ஒரே விஷயத்தைச் சொன்னன. வெண்புருவன் முள்ளுப்பாடிதான். இளம்பெண் தப்பான பறவையைப் பார்த்துச் சரியான முடிவுக்கு வந்திருந்தாள்.

"ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன் மேடம்" என்றார் ஆய்வகத்துக்காரர், மன்னிப்புக் கேட்பதுபோல.

"நல்லது. மூணாவது தடவை வேணாம்."

அவர் போனபின் அவள் சேமிப்பு அறைக்குப் போய், நாப்தலின் வாசத்துக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்தாள். நான்காவது அலமாரியின் ஏழு தட்டுகளில் நூற்று நாற்பத்து மூன்று பறவைகள், கண்ணுக்குப் பதில் பஞ்சோடு, வயிறு மேலாகப் படுத்திருந்தன. முப்பத்து மூன்று வயதில் இவற்றை ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்து சேர்த்த நாளில் அவளுக்கு இருந்த சந்தோஷம் பொய் இல்லை. வேலையும் பொய் இல்லை. எண்ணியது சரி, அளந்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. நெஞ்சில் ஏதோ காலியாக இருந்தது, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல. பத்து நிமிடம் அப்படியே இருந்தாள். பிறகு போய் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தாள்.

மறுமுனையில் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "மேடம், அந்த போட்டோ விஷயம், நான் சரியாப் பாக்கல. ரொம்ப வெக்கமா இருக்கு. கட்டுரையத் திருப்பி வாங்கிடறேன்."

"எதுக்கு வாங்கறே? நீ சொன்னது சரி. ஆதாரம்தான் தப்பு. சரியான ஆதாரம் என்கிட்ட இருக்கு, இன்னைக்கே அனுப்பறேன்."

"மேடம், அது உங்க பேரினம் ஆச்சே."

"ஆமா. அதனாலதான் ஒண்ணு கேக்கறேன். என் பேரையும் போட்டு எழுதலாமா? ரெண்டாவதா போட்டாப் போதும். கட்டினது நான். பிரிக்கற எடத்துலயும் என் கை இருக்கணும். இல்லைன்னா ஆளாளுக்கு வந்து, பாவம் கெழவிய ஏமாத்திட்டாங்கன்னு பேசுவாங்க."

அந்தப் பெண் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "கண்டிப்பா மேடம்" என்றாள். "ஒட்டாத அந்த ரெண்டு குருவிக்கும் புதுப் பேரு வேணும். நீங்களே வைக்கறீங்களா? பழைய கட்டுரையில அக்காவுக்காகன்னு எழுதியிருந்தீங்களே, அவங்க பேரையே வேற மாதிரி வைக்கலாம்."

"அவகிட்ட கேட்டுச் சொல்றேன்."

கூடத்தின் மூன்றாவது சுவருக்கான பலகை அதற்குள் அச்சாகி வந்திருந்தது. துறைத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு மேடம். இப்படியே திறப்போம், அடுத்த வருஷம் மாத்திக்கலாம். பாக்க வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நான் முடியாதுன்னா?"

"நாற்காலி போட்டு அந்தப் பலகைக்குப் பக்கத்துலயே உக்காந்துக்குவேன். வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் இது தப்புன்னு சொல்லுவேன். தெனமும். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருஷம் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். புதிய பலகையின் வாசகத்தை அவளே எழுதினாள். ஆறு குருவிகளும் ஒரே வம்சம் என்று இந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஒருமுறை முடிவு செய்தார் என்றும், அது தவறு என்று பிறகு தெரிந்தது எப்படி என்றும், குழந்தைகளுக்கும் புரியும்படி எட்டு வரி. கூடம் திறந்த நாளில் அந்தச் சுவருக்கு முன்னால்தான் ஆட்கள் அதிக நேரம் நின்றார்கள். வால் இறகை எண்ணிப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அக்காவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஆனால் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "அப்ப என் பேரு அழிஞ்சுடுமா?"

"அழியாது. பட்டியல்ல எப்பவும் இருக்கும். வேற எந்த மிருகத்துக்கும் அந்தப் பேரை வைக்கவே முடியாது. ஆனா செல்லாது."

"காலாவதியான லைசென்ஸ் மாதிரி."

"அப்படித்தான். அந்த ரெண்டு குருவிக்கு உன் பேரையே வேற விதமா வைக்கலாம்னு அந்தப் பொண்ணு கேக்கறா."

அக்கா தேநீரை முழுவதும் குடித்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "வேணாம்டி" என்றாள். "ஆசையாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்னைப் பாத்து அதுக்குப் பேரு வச்சா, மறுபடியும் தப்பாப் போச்சுன்னு சொல்ல உனக்கு மனசு வராது. அது எப்படி இருக்கோ அதைப் பாத்து வை."

அரைமில்லி அக்காவின் தோளில் நெற்றியை ஒரு கணம் வைத்து எடுத்தாள். அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் யாரும் அதற்கு மேல் செய்து பழக்கமில்லை.

கட்டுரை ஏற்கப்பட்ட வாரம், நான்காவது அலமாரியைப் பிரிக்கத் தொடங்கினாள். உதவிக்கு அக்கா வந்திருந்தாள். பழைய அட்டையை எடுக்கக் கூடாது, அதுவும் வரலாறு. அதன் பின்னால் புதிய அட்டையை நூலில் கட்ட வேண்டும். அக்கா எண்ணைப் படிப்பாள், இவள் எழுதிக் கட்டுவாள். அக்கா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்ததால் மூன்றை எட்டாகப் படித்தாள். அதற்கு ஒரு சண்டை நடந்தது. மூன்றாம் நாள் மதியத்துக்குள் தொண்ணூற்றெட்டுப் பறவைகள் முள்ளுப்பாடிகளின் அலமாரிக்குப் போய்விட்டன.

மீதி நாற்பத்தைந்து தட்டில் இருந்தன. வீட்டுப் பெயரில்லாத இரண்டு இனங்கள்.

"இதுக்கு என்ன எழுதறது?" என்றாள் அக்கா.

அரைமில்லி அட்டையில் 'இடம் முடிவாகவில்லை' என்று எழுதி மையை ஊதினாள். "அந்தப் பொண்ணு இப்பவே பேரு வைக்கலாங்கறா. நான் முடியாதுன்னுட்டேன். போன தடவை அவசரப்பட்டேன். இந்தத் தடவை பாட்டு, முட்டை, கூடு எல்லாம் பாத்துட்டுத்தான். ரெண்டு வருஷம் ஆகும். அவளும் வர்றாளாம்."

"எங்கே?"

"கடலோரத்துல ஒரு சதுப்பு இருக்கு. கடைசி இருபது மைல் வழி சரியில்லையாம்."

அக்கா அடுத்த பறவையை எடுத்து, அட்டையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தாள். "எப்பக் கெளம்பணும்னு பதினஞ்சு நாள் முன்னாடியே சொல்லு. புது டயர் போடணும்" என்றாள். "ம், எழுதிக்க. ஐந்நூத்து முப்பத்து மூணு."

"எட்டா மூணா?"

"மூணுதான். சத்தியமா மூணு."

அரைமில்லி எழுந்து வந்து பார்த்தாள். மூன்றுதான். எழுதிக்கொண்டாள்.